உறியா, பேணியா, பையா? கரடி உலவும் காட்டில் உணவை வைக்கும் வழிகள்

வருகிற செப்ரெம்பர் மாதம் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள அல்கொன்குயின் பூங்காவில் நான்கு இரவுகள் கூடாரம் அடித்துத் தங்குவதென்று ஸ்காபரோவில் வசிக்கும் என் தங்கை குடும்பத்தினர் முடிவெடுத்திருக்கிறார்கள். தங்கை, அவளுடைய கணவர், பெறாமகன், யாழ்ப்பாணத்திலிருந்து போகும் நான் என நால்வர் போகிறோம். அடுத்த கோடையில் கலிபோர்னியாவின் யோசெமிற்றிக்கும் போகவேண்டும் என்பது பெறாமகனுடைய விருப்பம். இரண்டு பயணங்களிலும் சாப்பாட்டுப் பொறுப்பு என்னுடையது. ஆகவே அந்தச் சாப்பாட்டை இரவில் எதில் வைப்பது என்ற கேள்வியும் என்னிடமே வந்து சேர்ந்தது. மரத்தில் கட்டித் தூக்குவதா, கடினமான கொள்கலனில் அடைப்பதா, கிழிக்க முடியாத துணிப்பையில் கட்டுவதா என்று ஒரு வருடமாகப் படித்தும், இயன்றவரை கையால் செய்து பார்த்தும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். பிள்ளைகளையும் சகோதரங்களையும் பார்க்கப் போய், அவர்களோடு இப்படிக் காட்டுக்குப் புறப்படுகிறவர்கள் நம்மூரில் இப்போது பலர் இருப்பதால், அந்த முடிவையும் அதற்கான காரணங்களையும் இங்கே எழுதுகிறேன்.

குடாநாட்டில் கரடி இல்லை. நாம் கதையாகக் கேட்டு வளர்ந்தது வன்னிக் கரடியை. அது கறையான் புற்றைக் கிண்டித் தின்னும். பாலை பழுக்கும் காலத்தில் மரமேறும். எதிர்பாராமல் மனிதனைக் கிட்டத்தில் கண்டால் மிரண்டு பாயும். என் தகப்பனார் முல்லைத்தீவில் வேலை பார்த்த காலத்தில், காட்டுப் பாதையில் நடக்கும்போது பேசிக்கொண்டே நடக்கவேண்டும் என்று சொல்லித் தந்ததும் அதற்காகத்தான். வட அமெரிக்காவின் கருங்கரடியோடு உள்ள சிக்கல் வேறு வகையானது. அது பெரும்பாலும் மனிதனை விட்டு விலகிப் போகும். ஆனால் மனிதனுடைய உணவை ஒரு தடவை ருசித்துவிட்டால் அதைத் தேடித் திரும்பத் திரும்ப வரும். பனிக்கால உறக்கத்துக்கு முன்னான இலையுதிர் காலத்தில் அது நாளொன்றுக்கு 20,000 கலோரி வரை தின்னக்கூடியது என்பதால், செப்ரெம்பரில் போகிற எங்களுக்கு இது இன்னும் முக்கியமாகிறது. கூடாரங்களைத் தேடி வரப் பழகிய கரடியைப் பூங்கா அதிகாரிகள் கடைசியில் கொல்லவேண்டி வருகிறது. நாம் கவனமில்லாமல் வெளியே விட்ட ஒரு பொதி பயற்றம் பணியாரம் ஓர் உயிரை எடுத்துவிடலாம் என்பதை அறிந்தபின், இதை ஏனோதானோ என்று செய்ய எனக்கு மனம் வரவில்லை.

முதலில் மரத்தில் கட்டித் தூக்கும் முறையை எடுத்துக்கொள்கிறேன். இது நமக்குப் புதிதன்று. என் அம்மாவின் அடுக்களையில் முகட்டு வளையிலிருந்து ஓர் உறி தொங்கும். தயிர்ச்சட்டியும் காய்ச்சிய பாலும் அதில்தான் இருக்கும். பூனை கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். காட்டில் செய்வதும் அதே உறிதான். உணவுப் பை நிலத்திலிருந்து குறைந்தது 4 மீற்றர் உயரத்திலும், மரத்தின் அடிப்பகுதியிலிருந்து 2 மீற்றர் தள்ளியும் தொங்கவேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. கயிற்றை ஒரு கொப்பின் மேலாக எறிந்து, மறுமுனையை அடிமரத்தில் கட்டிவிடுவது மிக எளிய வழி. ஆனால் கரடி அந்தக் கட்டைக் கடித்து அறுத்தால் பை விழுந்துவிடும். ஆகவே அனுபவசாலிகள் கயிற்றை எங்கும் கட்டாமல், பையில் மாட்டிய வளையத்துக்கு ஊடாகக் கயிற்றை விட்டு, பையை உச்சிக்கு இழுத்தபின், கை எட்டும் உயரத்தில் கயிற்றில் ஒரு குச்சியைச் சுருக்கிட்டு விடுகிறார்கள். கயிற்றைத் தளர்த்தும்போது குச்சி வளையத்தில் முட்டிக்கொண்டு பையை மேலேயே நிறுத்திவைக்கும். இரண்டு பைகளைச் சம பாரமாக்கி ஒரு கொப்பின் இருபுறமும் தொங்கவிடுவது இன்னொரு வழி.

எழுதும்போது இலகுவாகத் தெரிகிற இது இருட்டுகிற நேரத்தில் இலகுவாக இருப்பதில்லை. மூன்று வருடங்களுக்கு முன் இதே அல்கொன்குயினில் ஓர் ஏரிக்கரையில் நாங்கள் உறி கட்ட முயன்றோம். அங்கே பைன் மரங்களின் கீழ்க் கொப்புகள் பட்டுப்போயும் மெலிந்தும் இருந்தன. உயரமான நல்ல கொப்பு கிடைத்த மரத்தில் அது அடிமரத்தை ஒட்டியே நின்றது. கல் கட்டிய கயிற்றை எறிந்து எறிந்து பெறாமகனின் தோள் நோவெடுத்ததுதான் மிச்சம். “பெரியம்மா, நல்ல கொப்பு ஒண்டும் எட்டுதில்லை” என்று அவன் சொன்னபோது வானத்தில் வெளிச்சம் போய்விட்டது. கடைசியில் ஆளுயரத்துக்குச் சற்று மேலே, கொப்பு வளைந்து தாழ, பையைக் கட்டிவிட்டு வந்து படுத்தோம். கரடி வரவில்லை. விடியற்காலையில் பார்த்தபோது பையின் அடியில் ஒரு ரூபாய்க் குத்தியளவு துளை. அதற்கு நேர் கீழே பருத்தித்துறை வடையின் தூள் சிந்திக் கிடக்க, ஒரு சிறிய வரி அணில் இரண்டு கையாலும் ஒரு துண்டைப் பிடித்துக் கொறித்துக்கொண்டிருந்தது. அணில் இறங்கிய கயிற்றை அன்றிரவு ஒரு கரடி கண்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற எண்ணத்தில் எனக்கு அன்று முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை.

உறி பூனையிடம் பலிப்பதற்குக் காரணம், பூனை கயிற்றைப் பற்றி யோசிப்பதில்லை. கரடி யோசிக்கிறது. யோசெமிற்றியில் கரடிகள் கயிற்றைக் கடித்து அறுக்கவும், கொப்பை முறிக்கவும், பெரிய கரடியைத் தாங்காத மெல்லிய கொப்புக்குக் குட்டியை அனுப்பவும் பழகிவிட்டன. 1998ஆம் ஆண்டில் மட்டும் அந்தப் பூங்காவில் கரடிகள் வாகனங்களை உடைத்ததும் உணவைப் பறித்ததுமாக 1,500க்கும் மேற்பட்ட சம்பவங்கள் பதிவாகின. உணவை மரத்தில் தொங்கவிடுவது இன்று அங்கே விதிப்படி தடை. காட்டுக்குள் இரவு தங்குகிற எவரும் அனுமதிக்கப்பட்ட கடினமான கொள்கலனைக் கொண்டுபோகவேண்டும். கொள்கலன் கட்டாயமாக்கப்பட்டு, உணவை எப்படி வைப்பது என்ற விதிகளும் இறுக்கப்பட்ட பின்னர் அங்கே சம்பவங்கள் பெருமளவு குறைந்திருக்கின்றன. அல்கொன்குயினில் கொள்கலன் கட்டாயம் இல்லை. அங்கே இன்றும் உறி ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான். நல்ல மரமும், பழகிய கையும், வெளிச்சம் இருக்கும்போதே வேலையைத் தொடங்கும் ஒழுங்கும் உள்ளவர்களுக்கு அது போதும் என்பதை நான் மறுக்கவில்லை. எங்கள் நால்வரிடமும் அந்த மூன்றும் ஒரே மாலையில் சேர்ந்திருக்கும் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

இனிக் கடினமான கொள்கலன். எங்கள் வீட்டில் இதற்குக் ‘கரடிப் பேணி’ என்ற பெயர் நிலைத்துவிட்டதால் அப்படியே எழுதுகிறேன். இதன் தத்துவம் எளிமையானது: கரடியின் வாய்க்குள் அடங்காத பருமன், நகம் மாட்டப் பிடியில்லாத வழுவழுப்பான உருளை, கரடியின் கைக்கு வராத பூட்டு. கரடி மணந்து வந்து உருட்டும், கடிக்கும், அதன்மேல் ஏறி நிற்கும். ஒன்றும் கிடைக்காமல் போய்விடும். அமெரிக்காவில் 1983ஆம் ஆண்டு அரச நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த கிறிஸ்லிக் கரடிக் குழு ஒன்று இருக்கிறது. அதன் சான்று பெறவேண்டுமானால், மொன்ரானா மாநிலத்தின் வெஸ்ற் யெலோஸ்ரோன் நகரில் உள்ள காப்பகத்துக் கரடிகளிடம் உணவு நிரப்பிய பேணியைக் கொடுத்து, அவை மொத்தம் ஒரு மணிநேரம் அதனோடு மல்லுக்கட்டிய பிறகும் அது திறபடாமல் இருக்கவேண்டும்.

சந்தையில் அதிகம் காணப்படுகிறவை மூன்று. கார்சியா என்பது கறுப்பு நிறக் கெட்டிப் பிளாஸ்ரிக். ஏறத்தாழ 10 லீற்றர் கொள்ளும், எடை ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ. மூடியின் இரண்டு திருகுகளையும் ஒரு குத்திக்காசால் திருப்பித் திறக்கவேண்டும். வாய் ஒடுக்கமானது, உள்ளே இருப்பது தெரியாது. ஆனால் நீண்ட காலமாக நம்பப்படுவது. பெயர்வோல்ற் என்பது ஒளி ஊடுருவும் பொலிகாபனேற். அதன் பெரிய அளவு 11.5 லீற்றர், 1.16 கிலோ, சிறிய அளவு 7.2 லீற்றர், ஏறத்தாழ 0.94 கிலோ. வாய் முழு அகலத்துக்கும் திறக்கும். தூள் போத்தல் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று வெளியிலிருந்தே பார்த்து எடுக்கலாம். மூடியைத் திருக, இரண்டு புடைப்புகளை ஒவ்வொன்றாக உள்ளே அமுக்கித் தாண்டவைக்கவேண்டும். குளிரில் விறைத்த விரலுக்கு இது கடினம். மூன்றாவதான பெயரிகேட் காபன் இழையால் ஆனது. பத்தரை லீற்றருக்குச் சற்று மேல் கொள்ளும் அளவு 0.9 கிலோவுக்குள் அடங்கிவிடும். ஆனால் பெயர்வோல்ற் நூறு அமெரிக்க டொலருக்கு அருகில் விற்க, இது முந்நூறு டொலரைத் தாண்டும். வருடத்தில் பல வாரங்களை மலையில் கழிப்பவர்களுக்கு அந்தக் கால் கிலோவின் பெறுமதி புரியும். எங்களுக்கு அது வீண் செலவு.

பேணியும் பிழையற்றதன்று என்பதற்கு நியூயோர்க் மாநிலத்தின் அடிரொண்டாக் மலைகளில் வாழ்ந்த ஒரு கரடியின் வரலாற்றைச் சொல்லவேண்டும். காதுகளில் இரண்டு மஞ்சள் அட்டைகள் பொருத்தப்பட்டிருந்ததால் ‘யெலோ யெலோ’ என்று அழைக்கப்பட்ட அது 57 கிலோ அளவே உள்ள, மனிதரைக் கண்டால் ஒதுங்குகிற ஒரு பெண் கரடி. ஒற்றைப் புடைப்புக் கொண்ட பெயர்வோல்ற் மூடியைப் பல்லால் அமுக்கித் திருப்ப அது கற்றுக்கொண்டது. நிறுவனம் இரண்டாவது புடைப்பைச் சேர்த்தது. அதையும் அது திறந்துவிட்டது. பலசாலிக் கரடிகளால் உடைக்க முடியாத ஒன்றை அது பொறுமையால் திறந்தது. 2012இல் ஒரு வேட்டைக்காரரின் சூட்டுக்கு அது இரையானது. அந்த மலைப்பகுதியின் கிழக்கு வலயத்தில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை பேணி கட்டாயம். ஆனால் அங்கே போகிறவர்கள் பெயர்வோல்ற்றைத் தவிர்ப்பது நல்லது. வேறு இடங்களில் அது இன்றும் சான்று பெற்ற, ஏற்றுக்கொள்ளப்பட்ட பேணியாகவே இருக்கிறது. ஒரே பொருளைப் பற்றி இரண்டு இடங்களில் இரண்டு விதமாகத் தீர்மானிக்கவேண்டியிருப்பது இந்த விடயத்தின் இயல்பு.

மூன்றாவது வழியான துணிப்பையில் அதிகம் அறியப்பட்டது ஊர்சாக். குண்டு துளைக்காத உடுப்புகளில் பயன்படும் வகையைச் சேர்ந்த மிக உறுதியான இழையால் நெய்த இந்தப் பை ஏறத்தாழ பத்தரை லீற்றர் கொள்ளும். எடையோ 220 கிராம் அளவுதான். அதே கொள்ளளவுள்ள பேணியில் ஐந்தில் ஒரு பங்கு எடை. வெறுமையானால் மடித்து வைக்கலாம். மேற்சொன்ன குழுவின் சான்றும் இதற்கு உண்டு. இவ்வளவையும் வாசித்தபோது இதையே வாங்கிவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. பின்னர் இரண்டு குறைகள் தெரிந்தன. ஒன்று, வாயை முழுவதும் இறுக்கி, முடிச்சைச் சரியாகப் போட்டு, அடிமரத்தோடு கட்டவேண்டும். விரல் நுழையும் இடைவெளி விட்டாலும் கரடியின் நகத்துக்கு அது போதும். மற்றது, பை கிழியாவிட்டாலும் கரடி அதைச் சப்பும். உள்ளே உள்ளது நசிந்து, எச்சிலோடு கலந்து, உங்களுக்கு உதவாமல் போகும். துணியூடாகக் கசிகிற சாறு கரடிக்கு ருசியாகவும் போய்ச் சேரும். உள்ளே செருகும் அலுமினியத் தகடு நசிவைக் குறைக்கும், எடையைக் கூட்டும். யோசெமிற்றியிலும், அடிரொண்டாக்கின் அந்தக் கிழக்கு வலயத்திலும் துணிப்பை ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை என்பதால், இதை வாங்கினால் அடுத்த கோடைக்கு மறுபடியும் பேணி வாங்கவேண்டியிருக்கும். தனியாக நெடுந்தூரம் நடக்கிற, பை அனுமதிக்கப்பட்ட பகுதிக்குப் போகிற ஒருவருக்கு இது நல்ல தெரிவு என்றே இப்போதும் நினைக்கிறேன்.

ஒன்ராறியோவில் வள்ளப் பயணம் போகிறவர்கள் நீல நிறப் பிளாஸ்ரிக் பீப்பா ஒன்றைத் தோல்வாரில் மாட்டிச் சுமப்பதைக் காணலாம். 30 லீற்றரிலும் 60 லீற்றரிலும் வருகிறது. தண்ணீர் புகாது, மணத்தையும் ஓரளவு அடக்கும். ஆனால் அது கரடியை எதிர்க்கவென்று செய்யப்பட்டதன்று. அதையும் பலர் மரத்தில் தூக்கிக் கட்டுகிறார்கள். எங்களுக்கு அது விட்ட இடத்துக்கே திரும்பி வருவதாகும். பன்வ், ஜாஸ்பர் போன்ற மலைப் பூங்காக்களின் உட்பகுதி முகாம்களில் உணவு வைக்க இரும்புப் பெட்டியோ, தொங்கவிடும் கம்பியோ அமைத்திருக்கிறார்கள். அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் எதையும் வாங்கவேண்டியதில்லை. அலாஸ்காவின் டெனாலியில் பேணி கட்டாயம், ஆனால் பூங்காவே இலவசமாகக் கடன் தருகிறது. ஆகவே கடைக்குப் போகுமுன் போகிற பூங்காவின் விதியை வாசிக்கவேண்டும். அல்கொன்குயினின் உட்பகுதிக்கு ரின்னிலும் கண்ணாடிப் போத்தலிலும் அடைத்த உணவைக் கொண்டுபோகக்கூடாது என்ற விதி எனக்கு இப்படித்தான் தெரியவந்தது; நான் எழுதிவைத்திருந்த ரின்மீனைப் பட்டியலிலிருந்து வெட்டினேன்.

எடையைவிடக் கொள்ளளவே எங்களை அதிகம் கட்டுப்படுத்தும் என்பதை நான் வாசித்து அறியவில்லை, அடுக்களையில் அறிந்தேன். சென்ற வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த பெறாமகன் பெரிய பெயர்வோல்ற் ஒன்றைப் பயணப் பெட்டிக்குள் வைத்து, அதன் உள்ளே சொக்கிலேற்றை நிரப்பிக் கொண்டுவந்தான். சொக்கிலேற் தீர்ந்தபின் பேணி என்னிடம் நின்றது. அதில் ஒருவருக்கான ஒரு நாள் சாப்பாட்டை நம்முடைய முறையிலேயே அடுக்கிப் பார்த்தேன்: அவல், வறுத்த அரிசிமா, பருப்பு, நெத்தலிக் கருவாடு, தூள், பருத்தித்துறை வடை, நூடில்ஸ். ஏறத்தாழ 1.9 லீற்றர் பிடித்தது. இடத்தை விழுங்கியது வடைதான். பத்து வடையும் அவற்றுக்கிடையிலுள்ள காற்றும் சேர்ந்து ஒரு நாள் அவலைவிட அதிக இடத்தை எடுத்தன. வடையை விட்டேன். நூடில்ஸை நொருக்கினேன். கடைப் பொதிகளின் காற்றுப் போக எல்லாவற்றையும் மெல்லிய பைகளுக்கு மாற்றினேன். வடையின் இடத்தில் பயற்றம் பணியாரம், பனங்கட்டி, பாணிப் பினாட்டு, தேங்காய்ப்பால் மா ஆகியவற்றை வைத்தேன். சிறிய இடத்தில் அதிக சத்து அடங்குகிற உணவு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. பினாட்டு சுருட்டி வைத்த தோல்போலப் பேணியின் சுவரோடு ஒட்டி வளைந்து, வேறெதுவும் புகாத இடத்தில் புகுந்துகொண்டது. அளவு 1.4 லீற்றருக்கு இறங்கியது.

முதல் நாள் மதியமும் இரவும் உண்பவை படுக்குமுன் வயிற்றுக்குள் போய்விடும். அவை பேணிக்குள் அடங்கவேண்டியதில்லை. எனவே நான்கு நாள், நான்கு பேர், பதினாறு பங்கு. பழைய முறையில் 30 லீற்றருக்கு மேல்; புதிய முறையில் 22.4 லீற்றர். இரண்டு பெரிய பேணிகளில் 23 லீற்றர் இருக்கிறது என்று மகிழ்ந்தபோதுதான், மணமுள்ள எல்லாமே உள்ளே போகவேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. பற்பசை, சவர்க்காரம், சித்தாலேப, தங்கையின் கணவருடைய மருந்துகள், தலைக்கு வைக்கும் நல்லெண்ணெய், அன்றன்று சேரும் குப்பை ஆகியவை கூடாரத்துக்குள் இருக்கக்கூடாது. கருவாட்டையும் தூளையும் மணம் கசியாத பையில் இட்டாலும் அதைப் பேணிக்கு மாற்றாக நம்பக்கூடாது; கரடியின் மூக்கு அவ்வளவு கூர்மையானது.

ஆகவே எங்கள் முடிவு இரண்டு பெரிய பெயர்வோல்ற், ஒரு சிறியது. மூன்றும் சேர்ந்து 3.26 கிலோ. வள்ளத்தில் போகும்போது இது ஒரு பாரமன்று. ஏரிக்கும் ஏரிக்கும் இடையே வள்ளத்தைத் தோளில் சுமந்து நடக்கும் இடங்களில் மட்டும் தெரியும். முதுகுப் பையின் நடுவில், முதுகெலும்பை ஒட்டி, நிமிர்த்தி வைத்தால் பாரம் பின்னுக்கு இழுக்காது. அடுத்த கோடையில் யோசெமிற்றிக்கும் இவையே உதவும். காசு செலவழிக்க விரும்பாதவர்கள் அங்கேயே பூங்கா அலுவலகத்தில் குறைந்த வாடகைக்கு எடுக்கலாம். ஒரே ஒரு பயணம் போகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

இரவில் பேணியைக் கூடாரத்திலிருந்தும் சமைத்த இடத்திலிருந்தும் விலக்கி, நூறடி தொடக்கம் நூறு யார் வரை அந்தந்தப் பகுதியின் விதி சொல்கிற தூரத்தில் வைக்கவேண்டும். தண்ணீர்க் கரையிலோ சரிவின் விளிம்பிலோ வைத்தால் கரடி உருட்டி விட்டுவிடும். மேட்டு நிலத்தில், இரண்டு பாறைகளுக்கு இடையிலோ விழுந்த மரத்தின் ஓரத்திலோ வைப்பது நல்லது. கயிறு கட்டக்கூடாது, அது கரடிக்குப் பிடிகொடுக்கும். மூடியின் இரண்டு புடைப்பும் தாண்டிய சத்தம் இரண்டு தடவை கேட்டதா என்று இருவர் பார்க்கவேண்டும் என்று எங்களுக்குள் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம்.

சிறிய பேணியைப் பெறாமகன் இன்னும் வாங்கவில்லை. ஆனால் அதன் விட்டமும் பெரியதன் விட்டமும் ஒன்றே, உயரம்தான் எட்டேகால் அங்குலம் என்பதால், என்னிடமுள்ள பேணியில் அந்த உயரத்தில் ஒரு நூலைச் சுற்றிக் கட்டி, அதுவரை நிரப்பிப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு பயற்றம் பணியாரமும், நான்கு சுருள் பினாட்டும், தேங்காய்ப்பால் மாப் பொதி இரண்டும் அடங்கியபின், பற்பசைக்கும் சித்தாலேபவுக்கும் நூலுக்குக் கீழே நான்கு விரல் இடம் மிஞ்சியது.